வயர்மேன் தங்கப்பொண்ணு

ஏணி பிடிப்பதெல்லாம் ஒரு வேலையா என்று கேட்கிறவர்கள், முளைப்பாரி சீசனில் சமயநல்லூர்ப் பக்கம் வந்து தங்கப்பொண்ணுவோடு ஒரே ஒரு நாள் நின்று பார்க்க வேண்டும். நாக்குத் தள்ளிவிடும். புருஷன் வீரணன் மேலே ஏறி டியூப்லைட் கட்டுவான். இவள் கீழே ஏணியின் இரண்டு காலையும் பிடித்துக்கொண்டு, அடிக்கட்டைக்குத் தன் பாதத்தை முட்டுக்கொடுத்து, அண்ணாந்தபடி நிற்பாள். தூசி கண்ணில் விழும். பிடரி விட்டுப்போகும். மேலேயிருந்து "கட்டிங் பிளேயர எடு" என்று சத்தம் வரும். எடுத்தும் கொடுக்க வேண்டும், ஏணியிலிருந்து கையையும் எடுக்கக் கூடாது. அது எப்படி முடியும் என்று என்னிடம் கேட்காதீர்கள். கல்யாணமாகி வந்த வருஷத்திலிருந்து அவள் அதைத்தான் செய்துகொண்டிருந்தாள்.

வீரணன் ரேடியோ செட்காரன். காதுகுத்து, சடங்கு, கோயில் பொங்கல், எழவு வீடு, எதுவானாலும் குழாய் ஸ்பீக்கரைக் கட்டி, சீரியல் லைட் செட் போட்டு, 'வீரணன் சவுண்ட் சர்வீஸ்' என்ற பலகையை எல்லார் கண்ணிலும் படுகிற மாதிரி சாய்த்து வைப்பான். தொழில் இரண்டு பேருடையது, பலகையில் பேர் ஒருத்தனுடையது. அதை அவள் ஒரு குறையாக நினைத்ததில்லை. ஒயரை மட்டும் தொடவே விடமாட்டான். "பொம்பள கை எப்பவும் ஈரக் கை, ஒயரப் பக்கம் வராத" என்பான். சரி என்று இவளும் ஏணியோடு நின்றுகொண்டாள்.

அந்தக் காய்ந்த கைக்காரன்தான் போன வருஷம் ஆடி மாதத்தில், தூறலில், மெயினை அணைக்காமல் மேலே ஏறினான். "அணைச்சிட்டு ஏறுங்க" என்று இவள் கத்தினாள். "சாமி ஊர்வலம் வரப்போகுது, இருட்டா இருந்தா ஊர்க்காரன் என்னையத் திட்டுவான்" என்றான். அடுத்த நிமிஷம் ஒரு உதறல். ஆளைத் தூக்கிச் சிமெண்டுத் தரையில் போட்டுவிட்டது. இடுப்பு எலும்பு போச்சு. பெரியாஸ்பத்திரியில் பிளேட் வைத்து அனுப்பினார்கள். இப்போது கம்பு ஊன்றி நடக்கிறான். ஏணி ஏறுவது இந்த ஜென்மத்தில் இல்லை.

இதில் தங்கப்பொண்ணுவின் நெஞ்சில் முள்ளாகக் கிடப்பது வேறு ஒன்று. அன்றைக்கு ஏணி ஒரு இம்மி ஆடவில்லை. ஆள் தரையில் கிடக்கிறான், இவள் ஏணியைப் பிடித்தபடியே நிற்கிறாள். யாரோ வந்து விரலைப் பிரித்துத்தான் விடுவித்தார்கள். ஆனால் ஊர் என்ன சொன்னது தெரியுமா? "பொண்டாட்டி ஏணிய விட்டுட்டாளாம்." விசாரிக்க வந்த சொந்தக்காரர்களெல்லாம் கட்டிலில் கிடந்தவனை ஒரு பார்வை, அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார்கள். வீரணன் வாயைத் திறக்கவில்லை. மெயினை அணைக்காமல் ஏறினேன் என்று சொன்னால் தொழில்காரன் என்கிற மரியாதை போய்விடுமே. அவன் பாட்டுக்குச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டான். பாவிப் பயல்! ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

அதற்குப் பிறகு தொழில் படுத்துவிட்டது. வேறு ஆளை ஏற்றி லைட்டுக் கட்டலாம் என்று போய்க் கேட்டாள். கோயில் கமிட்டிக்காரர்கள் உஷாராகிவிட்டார்கள். "கட்டுறவன் யாரா வேணா இருக்கட்டும்மா. சர்டிபிகேட் வச்சிருக்கவன் ஒருத்தன் பொறுப்பேத்துக் கையெழுத்துப் போடணும்" என்றார்கள். பக்கத்து ஊர் நல்லகாமன் ஐடிஐ படித்தவன். பொங்கல், காதுகுத்து எல்லாம் அவன் பக்கம் போய்விட்டது. தங்கப்பொண்ணு ஒரு மிக்சர் கம்பெனியில் பாக்கெட் போடும் வேலைக்குப் போனாள். காலையில் நின்றால் சாயங்காலம் வரை நிற்கிற வேலை. நிற்பதற்குத்தான் அவளுக்குப் பழக்கம் இருக்கிறதே! குழாயும் ஆம்ப்ளிபயரும் சீரியல் செட்டும் முன்னறையில் தார்ப்பாய்க்குள் தூங்கின.

இந்த வருஷம் மே மாதம், ஊர் ஊராக ஆட்டோவில் போய் அறிவிப்புச் செய்கிற ஒருவன், தன் ஆம்ப்ளிபயர் கரகரக்கிறது என்று வீரணனிடம் கொடுத்துவிட்டுப் போனான். உட்கார்ந்து செய்கிற வேலை என்பதால் வீரணனுக்கு உற்சாகம். சரியாகிவிட்டதா என்று பார்க்க, ஆட்டோக்காரன் கொடுத்த பதிவையே திரும்பத் திரும்பப் போட்டான். அரசு ஐடிஐயில் சேர்க்கை நடக்கிறது, பயிற்சி இலவசம், பஸ் பாஸ் உண்டு, உதவித்தொகை உண்டு என்று ஒரு பெண்குரல் கணீரென்று சொல்லும். கடைசியில் "பெண்களுக்கு உச்ச வயது வரம்பு இல்லை" என்று முடிக்கும். வீரணன் காது கரகரப்பைத் தேடிக்கொண்டிருந்தது. பின்கட்டில் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தவள் காது அந்தக் கடைசி வரியைப் பிடித்துக்கொண்டது.

சாப்பாடு போடும்போது சொன்னாள்.

"நான் ஐடிஐல சேரலாம்னு இருக்கேன்."

"என்னாது?"

"லைட்டு வேலைக்கு. எட்டாவது பாஸுக்கே ஒண்ணு இருக்காம். வயர்மேனு."

வீரணனுக்குப் புரையேறிவிட்டது. தண்ணீரைக் குடித்துவிட்டுச் சிரித்தான். "வயர்மேன்! பேர்லயே மேனு இருக்குடி. நாப்பதத் தாண்டிட்டு மீசை வைக்கப் போறியா?"

"நீங்கதான அம்புட்டுத் தடவை போட்டுக் காமிச்சீங்க, பொம்பளைக்கு வயசே இல்லைன்னு."

"அது ஊருக்குச் சொல்றதுடி. வீட்டுக்கா சொன்னேன்?"

கொட்டாம்பட்டியில் கட்டிக்கொடுத்த மகள் அஸ்வினிக்குச் சேதி எப்படியோ போய்விட்டது. போனில் மூக்கால் அழுதாள். "அம்மா, எங்க மாமியாக்குத் தெரிஞ்சா என்னைய ஓட்டியே கொன்னுருவாங்க. ஒனக்கு எதுக்கும்மா இந்த வேண்டாத வேலை?" தங்கப்பொண்ணு போனை வைத்துவிட்டு, ட்ரங்குப் பெட்டியின் அடியிலிருந்து பழைய டிசியைத் தேடி எடுத்தாள். கரையான் ஒரு ஓரத்தை ருசி பார்த்திருந்தது. நல்லவேளை, எட்டாம் வகுப்புத் தேர்ச்சி என்ற இடத்தை விட்டுவைத்திருந்தது.

விண்ணப்பம் போடக் கடைவீதியில் ஜெய்சனின் பிரவுசிங் சென்டருக்குப் போனாள். ஜெய்சன் நல்ல பையன், நாற்பது பேர் சுற்றி நின்று கத்தினாலும் முகம் சுளிக்காதவன். அன்றைக்கும் கடையில் கூட்டம் முண்டியது. ரிசல்ட் வந்த நேரம். டிசி, ஆதார், சாதிச் சான்றிதழ், போட்டோ எல்லாவற்றையும் தங்கப்பொண்ணு வயர் கூடையில் போட்டுக் கொண்டுபோயிருந்தாள். பச்சையும் மஞ்சளும் கலந்து, பழைய வேலையில்லா மாதங்களில் அவளே பின்னிய கூடை. அதைத் தூக்கி மேஜை மேல் வைத்ததுதான் வினையாகப் போயிற்று.

"யாருக்குக்கா அப்ளிகேஷன்?"

"எனக்குத்தான் தம்பி. ஐடிஐக்கு."

"சூப்பர்க்கா. என்ன படிக்கப் போறீங்க?"

"வயரு."

ஜெய்சன் கூடையைப் பார்த்தான். "இது நீங்க போட்டதா?"

"ஆமாப்பா, நாந்தான் போட்டேன்."

"நல்லா இருக்குக்கா, பின்னல்."

"கையில ஒரு தொழிலு இருந்தா நல்லதுல்ல தம்பி" என்றாள் இவள்.

இது போதாதா? அவன் கம்ப்யூட்டரில் வயர் கூடையைத் தேடினான். அரசாங்கம் வயர் கூடைக்கு எங்கே ஐடிஐ நடத்துகிறது! 'வயர்மேன்' என்று ஒன்று கண்ணில் பட்டது. அது ஆண்பிள்ளைகளுக்கு என்று தாண்டிப்போனான். கைத்தொழில், பெண்கள், எட்டாவது பாஸ் என்று பார்த்தால் தையல் நின்றது. அக்காவுக்கு இதுதான் தோது என்று நல்ல மனசோடு அதைப் போட்டுவிட்டான். நடுவில் ஓடிபி வேறு. வீரணன் போனுக்குத்தான் எண் வரும். இவள் கூப்பிட்டுக் கேட்க, அவன் கண்ணாடி இல்லாமல் தப்பாகப் படிக்க, மறுபடி அனுப்ப, சர்வர் தூங்கிவிட, வெயிலில் நின்றவர்கள் எல்லாரும் உச்சுக்கொட்ட, கடைசியில் அச்சடித்த தாளை ஜெய்சன் மடித்துக் கொடுத்தபோது அதைப் பிரித்துப் பார்க்கவும் அவளுக்கு மனசில்லை. இங்கிலீஷில் இருந்தது. கூடையில் போட்டுக்கொண்டு ஷிப்டுக்கு ஓடினாள்.

கலந்தாய்வுக்கு வரச் சொல்லி மெசேஜ் வந்தது. கம்பெனியில் லீவு சொல்லி, மேஸ்திரியிடம் ஏச்சு வாங்கி, இருக்கிறதில் நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு போனாள். ஆரப்பாளையத்தில் இறங்கி இன்னொரு பஸ். ஐடிஐயின் அரச மரத்தடி முழுக்கப் பிள்ளைகளும் பெற்றோரும். வாசலில் ஒருவர், "பையன் எங்கம்மா?" என்றார். டோக்கன் கொடுத்தவர், "பொண்ணக் கூட்டிட்டு வரலையா?" என்றார். உள்ளே கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டிருந்த அம்மா நிமிர்ந்தே பார்க்காமல், "பிள்ளைய அனுப்பிட்டு நீங்க வெளியில உக்காருங்க" என்றார்கள்.

"நாந்தாம்மா பிள்ள."

அந்த அம்மா கண்ணாடியை இறக்கி மாட்டிக்கொண்டு பார்த்தார்கள். சிரிக்கவில்லை, அதற்கே அவர்களுக்குக் கோடிப் புண்ணியம். பேரைத் தட்டிப் பார்த்தார்கள். "தங்கப்பொண்ணு. தையல் தொழில்நுட்பம். ஒரு வருஷம். சேந்துக்கிறீங்களா?"

"தையலா? நான் வயருல்ல கேட்டேன்!"

"இங்க தையல்தாம்மா இருக்கு. ஒரே ஒரு பிரிவுதான் போட்டிருக்கீங்க."

தங்கப்பொண்ணுவுக்குக் கண்ணைக் கட்டிக்கொண்டு வந்தது. கையிலிருந்த கூடையைப் பார்த்தாள். 'நல்லா இருக்குக்கா, பின்னல்' என்று ஜெய்சன் சொன்னது அப்போதுதான் உறைத்தது. தலையில் அடித்துக்கொள்ளலாம் என்றால் அத்தனை பேர் பார்க்கிறார்கள்.

"மாத்த முடியாதாம்மா?"

"இப்ப முடியாது. பேசாம இத வாங்கிக்கங்க. நிழல்ல உக்காந்து பாக்குற வேலை. இந்த வயசுல கரண்டுக் கம்பியோட எதுக்கும்மா மல்லுக்கட்டு?"

உட்கார்ந்து பார்க்கிற வேலை! அந்த ஒரு வார்த்தை அவளை அப்படியே இழுத்தது. பொய் சொல்வானேன், அவள் கெண்டைக்கால் இரண்டும் அந்த வார்த்தையைக் கேட்டு அழுதுவிடும் போலிருந்தது. சேர்ந்துவிட்டால்தான் என்ன? ஒரு வருஷம். அப்புறம் ஒரு மெஷின், ஒரு முக்காலி, ஒரு ஃபேன். பின்னால் நின்ற பையன் தொண்டையைச் செருமினான்.

"ஏம்மா, இதப் படிச்சா கோயிலுக்கு லைட்டுக் கட்டுறதுக்குக் கையெழுத்துப் போட முடியுமா?"

"ஜாக்கெட்டுத் தைக்கிறவங்க லைட்டுக்கு எப்படிம்மா கையெழுத்துப் போடுறது?"

"அப்ப வேணாம்மா."

"விட்டா போச்சு, சொல்லிட்டேன். அப்புறம் நேரடிச் சேர்க்கையில காலி இடம் ஏதும் கெடந்தாத்தான். வயர்மேன் கெடக்கும்னு நான் உறுதி சொல்ல மாட்டேன்."

வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வெளியே வந்தாள். ஒரு நாள் சம்பளம் போச்சு, கிடைத்ததும் போச்சு. பஸ்ஸில் ஜன்னல் ஓரம் கிடைத்தது. அதையாவது கொடுத்தாயே சாமி என்று தலையைச் சாய்த்துக்கொண்டாள்.

இறங்கியதும் நேராக ஜெய்சன் கடைக்குப் போனாள். நல்லா நாலு வார்த்தை கேட்க வேண்டும் என்று வழியெல்லாம் சேர்த்துவைத்திருந்தாள். "ஏம்ப்பா ஜெய்சன், நான் வயருன்னு சொன்னா..." என்று ஆரம்பித்தாள். அவன் திருதிருவென்று முழித்துவிட்டுக் கூடையைக் காட்டி, "அக்கா, நீங்கதானக்கா போட்டதுன்னு சொன்னீங்க" என்றான். அந்த முகத்தைப் பார்த்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டிருக்கும்போதே அழுகையும் வந்துவிட்டது. ஜெய்சன் பயந்துபோய் டீ வாங்கிக் கொடுத்தான். "நேரடிச் சேர்க்கை தேதி வந்ததும் மொத போனு ஒங்களுக்குத்தாங்க்கா. இந்தத் தடவை மேனு, உமனு எல்லாம் பாக்க மாட்டேன்" என்றான்.

வீரணன் கேட்டுவிட்டு, "சாமியே வேணாம்னு சொல்லுது, விட்டுத் தொலைடி" என்றான். அவளுக்குச் சுரீர் என்றது. விடு, விட்டுவிடு, விட்டுத் தொலை. இந்த வீட்டில் அந்த வார்த்தையை யார் யாரைப் பார்த்துச் சொல்வது? வாய் வரை வந்ததை விழுங்கிவிட்டுப் போய்ப் படுத்தாள்.

சொன்னபடியே ஜெய்சன் போன் போட்டான். மறுநாள் முதல் பஸ்ஸுக்கே கிளம்பிவிட்டாள். ஐடிஐ கேட் திறக்குமுன் போய் நின்றதில் அவள்தான் முதல் ஆள். கொஞ்ச நேரத்தில் வாடிப்பட்டிப் பக்கமிருந்து ஒரு பெண் மகனைக் கூட்டிக்கொண்டு வந்து பின்னால் நின்றாள். பேர் மலையம்மாள். நூறு நாள் வேலைக்குப் போகிறவள், பேச்சும் சிரிப்புமாக இருந்தாள். வீட்டிலிருந்து கொண்டுவந்த எலுமிச்சம்பழச் சோற்றில் பாதியைத் தங்கப்பொண்ணுவுக்கு வைத்துக் கொடுத்தாள். கால் வலிக்குது என்று இருவரும் ஒரே கல்லில் மாறி மாறி உட்கார்ந்தார்கள். "மகனுக்கு எடம் புடிச்சு நிக்கிறீகளாக்கா?" என்று மலையம்மாள் கேட்டாள். தங்கப்பொண்ணுவுக்குத் திரும்பத் திரும்பச் சொல்லி அலுத்துவிட்டது. "ம்" என்று மட்டும் சொன்னாள். அதுதான் தப்பாகப் போயிற்று.

பலகையில் காலியிடங்களை ஒட்டினார்கள். வெல்டர் சில இடம், தையல் நிறைய, வயர்மேன் ஒன்று. ஒன்றே ஒன்று!

"சாமி! எம்மவனுக்கு அதுதாங்க்கா வேணும்" என்று மலையம்மாள் நெஞ்சில் கைவைத்தாள். "வெல்டிங்கு கண்ணக் கெடுத்துரும், அவங்க மாமனுக்கு அப்படித்தான் ஆச்சு. ஒங்க மகனுக்கு என்ன போடப் போறீக?"

"மகன் இல்லம்மா. நாந்தான் படிக்கப் போறேன். வயர்மேனுதான்."

மலையம்மாள் முகத்திலிருந்த சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. முதலில் விளையாட்டு என்று நினைத்தாள். அப்புறம் கையைப் பிடித்துக்கொண்டாள். "யக்கா, ஒங்களுக்கு வாழ்ந்து முடிஞ்சிருச்சு. அவன் இனிமேத்தான் பொழைக்கணும். ஒங்க கால்ல விழுகுறேன், விட்டுக் குடுத்துருங்க." வரிசையில் நின்றவர்கள் காதைத் தீட்டிக்கொண்டார்கள். ஒரு பெரிய மனுஷர், "ஒரு சீட்ட இப்படி வீணாக்கலாமாம்மா? வயசுப் பிள்ளைக்கு விடுங்க" என்று தீர்ப்பே சொல்லிவிட்டார். "அதான!" என்று இரண்டு மூன்று குரல் சேர்ந்தது. ஊரான் வீட்டு நியாயம் என்றால் எல்லாருக்கும் எவ்வளவு சீக்கிரம் வாய் திறக்கிறது பாருங்கள்!

தின்ற எலுமிச்சம்பழச் சோற்றுக்காவது விட்டுக்கொடுத்துவிடு என்று தங்கப்பொண்ணுவின் மனசு சொன்னது. போய்ப் படுத்துவிடலாம். கம்பெனியில் பாக்கெட் போட்டுக்கொண்டே காலத்தை ஓட்டிவிடலாம். யாரோடும் மல்லுக்கட்ட வேண்டாம். அவ்வளவு அசதியாக இருந்தது அவளுக்கு. கால் தானாக ஒதுங்கவும் பார்த்தது. ஆனால் ஜன்னலுக்கு முன்னால் இருந்த இரும்புக் கம்பித் தடுப்பைப் பிடித்திருந்த கை மட்டும் விடவில்லை. பிடிக்கவே பழகின கை அது.

"இல்ல தாயி" என்றாள். குரல் அவளுக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னாள். "விட மாட்டேன். விடாமயே விட்டுட்டேன்னு பேரு வாங்குனவ நான். இன்னொரு தடவ என்னால முடியாது."

யாருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. ஜன்னல் திறந்தது.

நெற்றிக் கண்ணாடி அம்மாதான் உட்கார்ந்திருந்தார்கள். "நீங்களா? வயருதான?" என்றார்கள். டிசியைக் கரையான் தின்ற ஓரத்தோடு வாங்கி வைத்துக்கொண்டு, "ரெண்டு வருஷம். வெயில்ல கம்பம் ஏறணும். பாதியில வரலைன்னு நிக்கக் கூடாது" என்றார்கள். தலையை ஆட்டினாள். கையெழுத்துப் போடச் சொன்ன இடத்தில், டிசியில் இருக்கிறபடி சோ. தங்கப்பொண்ணு என்று நிதானமாகப் போட்டாள். அடுத்து நின்ற மலையம்மாள் மகனுக்கு வெல்டர் கொடுத்தார்கள். அவன் வாங்கிக்கொண்டான். மலையம்மாள்தான் வெளியே போகும்போது நின்று, "நல்லா இருங்கக்கா" என்றாள். அது வாழ்த்தா வசவா என்று தெரியவில்லை. பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அந்த முகம் கூடவே வந்தது. சந்தோஷப்பட வேண்டும் என்று நினைத்துப் பார்த்தாள், வரவில்லை. ஆனால் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்றும் தோன்றவில்லை.

பொழுது சாயும்போது வீடு வந்து சேர்ந்தாள். வீரணன் வாசல்படியில் கம்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவள் செருப்பைக் கழற்றிவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். உள்ளே போகக்கூட முடியவில்லை.

"கெடச்சிருச்சா?"

"ம்."

"வயர்மேனா?"

"வயர்மேனுதான்."

கிண்டலுக்கு வாயைத் திறந்தவன் என்ன நினைத்தானோ, மூடிக்கொண்டான். அப்புறம் ஏதோ பெரிய ஓட்டையைக் கண்டுபிடித்துவிட்டவன் மாதிரி கேட்டான்.

"அது சரி. நீ மேல ஏறிட்டா ஏணிய யாருடி புடிக்கிறது?"

"நீங்கதான். வேற யாரு இருக்கா?"

அவன் தன் இடுப்பைப் பார்த்தான். கம்பைப் பார்த்தான். "ஒத்தக் காலுல நிக்கிறவன் நானு."

"ஏணி புடிக்கக் கைதான் வேணும். விட்டுறாம இருந்தீங்கன்னா போதும்."

விட்டுறாம என்ற வார்த்தை இருவருக்கும் நடுவில் கிடந்தது. வீரணன் குனிந்து கம்பின் நுனியால் படியைச் சுரண்டினான். ஒரு வருஷமாகச் சுவரைப் பார்த்துப் படுத்திருந்த மனுஷன், இப்போதும் அவள் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னான்.

"அன்னைக்கு நீ விடலைடி. எனக்குத் தெரியும். மெயின அணைக்காம ஏறுனது நாந்தான்."

தங்கப்பொண்ணு, தனக்கு அழுகை வரும் என்று நினைத்தாள். வரவில்லை, அதற்கும் தெம்பில்லை. எழுந்து, சேலையை உதறிச் செருகிக்கொண்டு நடைக்குள் போனாள். போகிற போக்கில் சொன்னாள்.

"எனக்கும் தெரியும். எங்கிட்டச் சொல்லி என்ன ஆகப் போகுது? ஊருக்குச் சொல்லுங்க. மைக்கு ஒங்க வீட்லதான இருக்கு."

காலைக் கழுவிவிட்டு வெறும் தரையில் முந்தானையை விரித்துப் படுத்தாள். கண் செருகும் நேரத்தில் முன்னறையில் தார்ப்பாயை இழுக்கிற சத்தம் கேட்டது. அப்புறம் ஆம்ப்ளிபயர் சூடாகிற இரைச்சல். "ஹலோ... ஹலோ..." என்று, வாசலில் எடுத்துவைத்த குழாயில் வீரணன் குரல் தெரு முழுக்கக் கேட்டது. தொண்டையைச் செருமினான். நிறுத்தினான். மறுபடி ஒரு ஹலோ.

எழுந்து போய்ப் பார்க்க அவளால் முடியவில்லை. மனுஷன் எப்போது ஆரம்பிக்கிறானோ ஆரம்பிக்கட்டும் என்று படுத்தபடியே கேட்டுக்கொண்டிருந்தாள்.